வலம் மூன்று, இடம் மூன்று

பொட்டலத்தைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது.
ஆறும் ஒரே பக்கம் பார்க்க வேண்டிய முறுக்காணிகள்
மூன்று வலம், மூன்று இடமாக
நுரைத்தாளில் படுத்திருந்தன.
நான் தலைப்பலகையை அறுத்திருந்ததோ
ஆறும் ஒரே வரிசையில் நிற்பதற்கு.
அறுத்ததை இனி ஒட்ட முடியாது.
திருப்பி அனுப்பினால் மூன்று வாரம்.
என்னால் மூன்று நாள் முடியாது.

கிட்டாரின் கழுத்து
புக்கிட் பாத்தோக்கில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்
யாரோ கழித்துப்போட்ட கட்டிலின் பக்கச் சட்டம்.
தேக்கு என்கிறேன் நான்.
பெங் சூன் முகர்ந்து பார்த்துவிட்டு
உதட்டைப் பிதுக்குகிறான்.
உப்புத்தாள் நான்கு தேய்ந்தபின்
உள்ளங்கைக்குப் பெயர் தேவைப்படவில்லை.

முதலில் ஊசியால் புள்ளி.
பிறகு மூன்று மில்லிமீட்டர். பிறகு பத்து.
பின்புறம் ஒரு வீண்பலகையை வைத்துக் கவ்வ வேண்டும்,
இல்லாவிட்டால் வெளியேறும் வேகத்தில் அலகு
மரத்தின் தோலைப் பிய்த்துக்கொண்டு போகும்.
எனக்குத் தெரியும்.
இரண்டாவது துளையில் அவசரப்பட்டேன்.
பிய்த்தது.
அரிசிமணி அளவில் ஒரு சில்லு
குளியலறை வாசல்வரை பறந்தது.
தவழ்ந்து தேடி எடுத்து, பசை தொட்டு,
பெருவிரலால் அழுத்தியபடி நின்றேன்,
கழுவாத கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு.
கீழ்வீட்டு மக்சிக் சலேஹாவிடமிருந்து குறுஞ்செய்தி:
இன்னும் எத்தனை ஓட்டை?
நான்கு, என்றேன்.
சரி, நான் சந்தைக்குப் போய் வருகிறேன், என்றார்.

நான்காவது, பழைய ஆணித்துளைக்குள் போய் விழுந்தது.
கட்டிலாய் இருந்த காலத்தில் யாரோ அடித்தது;
எதற்கோ, எந்தக் கிரீச்சை அடக்கவோ.
நேற்றைய சாத்தேக் குச்சியைச் சீவி அடைத்தேன்.
இன்னமும் அங்கே
லேசாக வேர்க்கடலை வாசம்.

திருகாணிகள் இத்தனூண்டு.
மெழுகு தடவித்தான் ஏற்ற வேண்டும்.
ஆறில் ஐந்து ஏறின.
ஒன்று தலையை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு
உடலோடு உள்ளே தங்கிவிட்டது.
இருக்கட்டும்.

என் பிழைப்பு மின்தூக்கி.
கூண்டின் கூரைமேல் நின்று
எஃகுக் கயிறுகளை ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்ப்பேன்.
ஐந்தில் ஒன்று தளர்ந்தால்
மற்ற நான்கும் அதன் பாரத்தைச்
சொல்லாமல் சுமக்கும், சொல்லாமலே தேயும்.
அதிர்வை எண்ணி, நட்டைக் கால் சுற்று.
ஐந்தும் ஒரே குரலானால் இறங்கி வரலாம்.
புகார் வராத வாரம்தான்
எங்களுக்குச் சுருதி சேர்ந்த வாரம்.

இங்கே ஆறும் ஒன்றாக இருக்கக் கூடாது.
அதுவே கைக்குப் பிடிபடவில்லை.
இதில், தடித்த மூன்றும் ஒரு பக்கம் முறுக்கினால் ஏறுகின்றன;
மெல்லிய மூன்றும் அதே முறுக்கில் இறங்குகின்றன.
கடைசிக் கம்பி சற்றே உச்சத்தில் நின்றது.
தளர்த்துகிறேன் என்று நினைத்து
இறுக்கினேன்.
இன்னும் குறையவில்லையே என்று
இன்னும் இறுக்கினேன்.

மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கோடு.
மாற்றுக் கம்பி ஒன்றுதான் இருந்தது.
அதைக் கட்டியபோது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்,
எதிர்ப்பக்கம், எதிர்ப்பக்கம்,
புதுத் தெருவில் வண்டி ஓட்டுகிறவள் போல.

எனக்குத் தெரிந்தது நாலு கார்டு.
நாலையும் வாசித்தேன்.
ஆணித்துளைக்காரன் மட்டும் அடிக்கடி இறங்கிவிடுகிறான்.
சந்தையிலிருந்து திரும்பிய மக்சிக்
ஒன்றும் அனுப்பவில்லை.

பத்து நாள் கழித்து
பதினொன்றாம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் நடுவில்
மூன்றாவது கயிறு தளர்ந்திருந்தது.
ஸ்பானரை வைத்தேன்.
கை, தன்பாட்டில், எதிர்ப்பக்கம் போனது.

கயிற்றின் குரல் தணிந்ததை
நான் கேட்பதற்கு முன்பே
பெங் சூன் நிமிர்ந்தான்.
“என்ன பாஸ்?”

ஒன்றுமில்லை என்றேன்.
ஸ்பானரை எடுத்து, துடைத்து, மறுபடி வைத்து,
வலம் எது என்று
ஒருமுறை வலது கையைப் பார்த்துக்கொண்டேன்.