ஒன்றரை மைக்ரோ நொடி

வைரம் எதற்கு என்று கேட்டுக்
கோப்பை இருமுறை திருப்பினார்கள் கணக்குப் பிரிவில்.
அழுத்துவதற்கு என்று எழுதினேன்.
மூன்றாம் முறை ‘எதை’ என்று வந்தது.
இரும்பை.

செக்காலை வீதி நகைக்கடையில்
கண்ணில் லென்சை இடுக்கிக்கொண்டு சாத்தப்பன் சொன்னார்:
தோட்டுக்கு ஆகாது இது,
முனையை மழித்துவிட்டார்கள்,
வெளிச்சம் உள்ளே நின்று விளையாடாது.
எனக்கு அது விளையாட வேண்டாம்,
நேராகப் போய் நேராகத் திரும்பினால் போதும்.

இரண்டு வைரம், முனையோடு முனை.
நடுவே நாலு மைக்ரான் இரும்புத் தகடு,
தலைமயிரை இருபதாய்ப் பிளந்தால் ஒரு பங்கு.
மேலும் கீழும் உப்புப் படுக்கை,
சூடு வைரத்துக்குள் ஓடிவிடாமல்.
அடைக்கலமேரி மூச்சை அடக்கி
ஊசி நுனியால் அதைக் கிடத்தினாள்.
போன மாதம் ஒரு தும்மலில் ஒரு வாரம் போயிற்று.

காரைக்குடியிலிருந்து நேர்கோடாய் வடக்கே போனால்
ஸ்ரீநகரையும் தாண்டுகிற தூரம்.
அதையே செங்குத்தாய்க் கீழே இறக்கினால்
பாறை முடிந்து இரும்பு தொடங்கும்.
பதிமூன்று லட்சம் காற்றுமண்டலம்
ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும் அங்கே.
யாரும் போனதில்லை.
உள்ளங்கை எஃகுப் பெட்டிக்குள் அதை வரவழைக்கத்தான்
நாலு திருகாணி.
கால் சுற்று. பொறு. கால் சுற்று.

அங்கே இரும்புக்குள் சூடு எப்படி நடக்கிறது?
விறுவிறுவென்றால், தானே கடந்து போய்விடும்,
உருகிய இரும்பு புரளும் தேவை குறையும்.
தயங்கித் தயங்கியென்றால் புரண்டே ஆக வேண்டும்.
புரள்வதால் காந்தம்.
தொண்டிப் படகொன்றில் பீடிக்கட்டோடு கிடக்கும்
திசைகாட்டி முள் வடக்கே பார்ப்பது
கீழே ஒருவன் மெதுவாய் நடப்பதால் இருக்கலாம்.
ஒரு கூடம் முப்பது என்கிறது,
இன்னொன்று நூறு தாண்டும் என்கிறது.
அந்தச் சண்டையில் பூமியின் உட்கருவுக்கு
வயது கோடிக்கணக்கில் கூடிக் குறைகிறது.

மே மாதம். வெளியே நாற்பத்தொன்று டிகிரி.
மெஸ்ஸில் தோசை நடுவில் கருகி ஓரத்தில் வெளுத்திருந்தது.
துரைப்பாண்டி அடுப்பைத் தணிக்கவில்லை, கல்லைத் திருப்பினார்.
இவ்வளவுதான் என் படிப்பு என்றேன்.
சம்பளம் எவ்வளவு என்றார்.

இரவு பதினொன்றேகாலுக்கு வோல்டேஜ் நிலைத்தது.
லேசர், ஒரே துடிப்பு.
மேல்பக்கம் வெள்ளையாய் எரிந்தது,
கீழ்ப்பக்கத்துக்குச் சேதி இன்னும் எட்டவில்லை.
அறுகோணமாய் நெருக்கியடித்து அமர்ந்த அணுக்களிடையே
எலக்ட்ரான்கள் தோளிடித்துத் தோளிடித்து
அதை எடுத்துப் போயின.
ஒன்றரை மைக்ரோ நொடி.
கீழ்ப்பக்கம் சிவந்தது.

இன்னொரு தடவை என்றேன்.
வேண்டாம் சார் என்றாள் அடைக்கலமேரி.
கடுகு பொரிந்தது போல ஒரு சத்தம்.

கையில் ஒரே எண்.
முப்பதும் இல்லை, நூறும் இல்லை.
ஒற்றைப் புள்ளி வழியாக
எந்தக் கோட்டையும் இழுக்கலாம்.

பூட்டிவிட்டு வந்தபோது மணி ஒன்று.
சுவரில் பதித்த கொக்கியில் கை பட்டது,
இன்னும் சுட்டது.
செம்புராங்கல் தான் விழுங்கிய பகலை
அதன் வழியே கொஞ்சங்கொஞ்சமாய் விட்டுக்கொண்டிருந்தது.
கையை எடுக்காமல் எண்ணிப் பார்த்தேன்,
என்ன எண்ணுகிறேன் என்று தெரியாமல்.

காலையில் புதுக் கோப்பு.
வைரம், ஒன்று.
காரணம்: