கொசுறு

உரிமம் சுவரில் தொங்கியது,
பஞ்சடைத்த காட்டுவாத்துக்கும்
எண்பத்து நாலில் சாஃப்ட்பால் ஜெயித்த
ஒன்பது மீசைகளுக்கும் நடுவே.
நான் வாங்கியது அந்தத் தாளை.
வடக்கு விஸ்கான்சினில் எங்கள் ஊர் மன்றம்
நாலு பேருக்கு மேல் ஊற்ற விடாது;
ஒருவர் ஒப்படைத்தால்தான்
அடுத்தவர் கை நீட்டலாம்.

மற்றதெல்லாம் தாளோடு வந்தவை:
பன்னிரண்டு ஸ்டூல், இரண்டு நொண்டி.
மீன் வறுக்கும் தொட்டி.
அரையும் காலுமாய் முப்பது பிராந்திப் புட்டி.
பனிக்கட்டி இயந்திரம் ஒன்று.
"கிட்டத்தட்டப் புதுசு, வெர்னா. தட்டிப் பார்."
தட்டிப் பார்த்தேன்,
குழாயை, குளிரறைக் கதவை, கூரையைக்கூட.
தட்டினால் சத்தம் வராத ஒன்றும்
விற்பனையில் இருந்தது.

வக்கீல் இன்கிரிட் ஹாக்லண்ட் சொன்னாள்:
பாக்கி இல்லையென்று வரித்துறை எழுதித் தரட்டும்.
அதுவரை பணத்தில் ஒரு பங்கைப் பிடித்து வை.
காஸிமிரை முப்பது வருஷமாய்த் தெரியும், என்றேன்.
எனக்கும் தெரியும், என்றாள்.
அவன் கணக்கைத்தான் தெரியாது.

மான் வேட்டைக்குப் பதினாலு நாள் இருந்தது.
அந்த ஒரு வாரத்தைத் தவறவிட்டால்
ஏரி உறைந்து மறுபடி உருகும்வரை
ஈ ஓட்டலாமென்றால்
எங்கள் ஊர்க் குளிரில் ஈயும் இருக்காது.
பள்ளிப் பேருந்தில் இருபத்திரண்டு குளிர்காலம்
பிறர் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய காசு.
முழுதும் கொடுத்தேன்.
காஸிமிர் கை குலுக்கினான். ஈரம்.
மேசை துடைத்த கை என்று நினைத்தேன்.

கடிதம் பிப்ரவரியில் வந்தது.
பதினோரு காலாண்டு.
குடித்தவர்களிடம் வாங்கியது, அரசுக்குப் போகாதது.
அபராதம் தனியே, வட்டி தனியே,
மொத்தம் இருபத்தெட்டாயிரத்து நூற்றுப் பதினேழு.
கீழே, கோபமே இல்லாத எழுத்தில்:
வாங்கியவர் பொறுப்பு.

நெடுஞ்சாலை முக்கில் டஜன் டோனட் வாங்கினால்
பதின்மூன்றாவதாக ஒன்றைப் பையில் போடுவார்கள்.
வீட்டுக்கு வந்து பிரித்தால்தான் தெரியும்.

அன்றிரவு கதவைச் சாத்திவிட்டு
பில் தாளின் முதுகில் கணக்குப் போட்டேன்.
அந்தப் பதினோரு காலாண்டும்
நானும் இங்கேதான் இருந்திருக்கிறேன்,
வாசலிலிருந்து மூன்றாவது ஸ்டூலில்.
செவ்வாய் இரண்டு பீர். வெள்ளி ஒரு மீன்.
நூற்றுக்கு ஐந்தரை.
என் பங்கு மட்டும் நூற்று முப்பத்து நாலு டாலர்.
ஏற்கெனவே கட்டியாயிற்று,
சில்லறையாக, சிரித்துக்கொண்டே,
மீதியை நீயே வைத்துக்கொள் என்று.
வைத்துக்கொண்டிருக்கிறான்.

கேட்டபோது அவன் மறுக்கவில்லை.
"ஐஸ் மெஷின் செத்துப்போச்சு, ஜூலையில,
மீன்பிடிப் போட்டி வாரம்.
அந்தக் காலாண்டு மட்டும்னு நெனச்சேன்."
பிறகு?
"பிறகு அடுத்த காலாண்டு வந்துச்சு."

ஆக, அந்த இயந்திரத்தை
நான் மூன்று தடவை வாங்கியிருக்கிறேன்.
வழக்குப் போடலாம், என்றாள் இன்கிரிட்.
காஸிமிரிடம் இருப்பது ஒரு அலுமினியப் படகும்
சர்க்கரை வியாதியும்.
தவணைக்கு எழுதிக் கொடுத்தேன்,
முப்பத்தாறு மாதம்.
ராத்திரி யாருமில்லாத நேரத்தில்
அது தன் பாட்டுக்குக் கட்டிகளை உதிர்க்கும்.
முதல் சில வாரம் அந்தச் சத்தத்துக்குத்
தூக்கிவாரிப் போட்டது.

கரும்பலகையில் இன்னும் அவன் கையெழுத்து:
எல்லா விலையும் வரி உட்பட.
அழிக்கத் துணி எடுத்தேன், இரண்டு தடவை.
சொன்னதில் பொய் எதுவும் இல்லையே.

போன வெள்ளி அவனே வந்தான்,
தொப்பியில் பனியோடு.
எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்று
நொண்டி ஸ்டூலில் உட்கார்ந்தான்.
பேச்சு நின்றது; பிறகு யாரோ
பந்தயத்தைப் பற்றி ஆரம்பித்தார்கள்.
மீன் கேட்டான். வைத்தேன்.
எலுமிச்சைத் துண்டு கேட்டான். அதையும்.

பதினோரு டாலர் வைத்துவிட்டு எழுந்தான்.
நான் கல்லாவைத் திறந்து,
ஐம்பத்தேழு சென்ட்டை மட்டும் தனியே எண்ணி,
பிராந்திப் புட்டிகளுக்குப் பின்னாலிருந்து
காபி டப்பாவை எடுத்து
மேசைமேல் வைத்து
ஒவ்வொரு நாணயமாகப் போட்டேன்.

கதவுப் பிடியில் கை வைத்தவன்
கடைசிக் காசு விழும்வரை
திறக்கவில்லை.