எட்டுக் கட்டை

அசுன்சியோன் நகரம் ஆற்றுக்குச் சரிந்து முடிகிற
தாழ்நிலத்தில் சுனில்டாவின் வீடு.
போன வெள்ளம் ஏறிய கோடு
கதவில் என் இடுப்புயரத்துக்கு இருக்கிறது.

என் பையில் ஒரு மணி, ஒரு துணிப்பந்து,
பூனை படம் போட்ட அட்டை,
சிவப்பு மரக்கட்டைகள் ஒன்பது.
மூன்றரை வயதுப் பிள்ளை
ஒன்பதையும் அடுக்கவேண்டும் என்பது கணக்கு.
கணக்கு நான் போட்டதல்ல.

இரட்டையர். லிதுவினா முதலில்,
ஏழு நிமிடம் கழித்து தெர்லிஸ்.
அந்த மார்ச்சில் ஊரே காய்ச்சலில் கிடந்தது.
பிரசவ வலி எது, மூட்டு வலி எது என்று
பிரிக்கத் தெரியாமல் கத்தினாளாம் சுனில்டா.
குவரானியில் கொசுவுக்கு ஞத்தி-ஊ என்று பேர்.
சொல்லும்போதே மூக்குக்குள் பறக்கிறது.
"கடித்த இடத்தைச் சொறியக்கூட நேரமில்லை"
என்று சிரிக்கிறாள்,
குளிர்ந்த மாத்தேயை என் பக்கம் நீட்டி.

நான்காம் நாள் அவன் பால் குடிக்க மறந்தான்.
மறுத்தான் அல்ல, மறந்தான். அவள் சொல் அது.
மூக்கு கருத்தது. கை வெட்டி வெட்டி இழுத்தது.
பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டி.
பக்கத்துத் தொட்டிலில் இவளுக்கு
ஒரு தும்மல்கூட இல்லை.
ஏன் என்று கேட்டதற்கு
மூன்று மருத்துவர்கள்
மூன்று விதமாகத் தெரியாது என்றார்களாம்.

அப்பன் அர்செனியோ குப்பைமேட்டுக்குப் போயிருக்கிறான்.
போகுமுன் முற்றத்து டயர்களில்
தண்ணீர் நிற்காமல் ஓட்டை போடுவான், தினமும்,
ஏற்கெனவே ஓட்டை போட்ட டயர்களிலும்.

அட்டையைக் காட்டுகிறேன். இது என்ன?
"பூனை!" என்கிறாள் லிதுவினா
எட்டுக் கட்டைக் குரலில்.
உன்னைக் கேட்கவில்லை, கண்ணு.
"அவனுக்குத் தெரியும், சொல்ல மாட்டான்.
அவனுக்கு இப்போ பசி.
இந்த மணி அவனுக்குப் பிடிக்கல."
விதிப்படி அவளை வெளியே அனுப்பினேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டு அவன்
ஒன்று வைத்தான். அதன்மேல் ஒன்று.
வலது கை இடது கைக்கு வழிகாட்ட மூன்றாவது.
நான்காவது சரிந்தது.
மறுபடி. நான்கில் சரிந்தது.
மறுபடி.
மூன்று என்று எழுதினேன்,
பேனா சத்தம் கேட்காதபடி மெதுவாக.

அவன் எழுந்தான். ஒரு பக்கம் சாய்ந்த நடை.
ஒரு கட்டையைக் கதவின் அடியிடுக்கில்
தள்ளினான்.
"கிடைச்சுது!" வெளியிலிருந்து குரல்.
அவன் சிரித்தான். இன்றைக்கு முதல் சத்தம்.
"போன வாரம் என் சீப்பு" என்றாள் சுனில்டா.
பிறகு, என்னைப் பார்க்காமல்,
ரெண்டு பேரையும் ஒரே வகுப்பில்
சேர்ப்பார்களா என்றாள்.
அடுத்த மார்ச்சில் மறுபடி வருகிறேன் என்றேன்.
அது பதில் இல்லை என்று
இருவருக்கும் தெரிந்திருந்தது.

பஸ் நிறுத்தத்தில் பையை எண்ணினேன்.
எட்டு.
திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம்.

அடுத்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை,
காய்ச்சல் கண்டது ஆறாம் நாள்.
எட்டையும் சரியாக அடுக்கிவிட்டு
அவள் இன்னொன்றுக்குக் கை நீட்டினால்
என்ன எழுதுவது என்று தெரியாமல்
கதவைத் தட்டுகிறேன்.