அறை 207, ஆஸ்திரேலியா

அரசனில்லாத கோட்டை, நீரில்லாத ஆறு,
மரமில்லாத மலை என்று
எங்கள் ஊரைப் பழிக்க ஒரு வரிசை உண்டு.
பந்தில்லாத டென்னிஸை
அதில் கடைசியாகச் சேர்த்தவன் நான்.

பாபுராவ் தெரு லாட்ஜில் இரவு ரிசப்ஷன்.
சாவிப் பலகை, கொசுவத்தி, வருகைப் பதிவேடு.
பெயர். ஊர். நோயாளிக்கு என்ன உறவு.
எத்தனை நாள் தங்குவீர்கள்?
அந்தக் கட்டத்தை மட்டும்
எல்லோரும் காலியாக விட்டுவிடுவார்கள்.

மே மாதம். கரண்ட் போனால்
மூன்று மாடியும் மொட்டை மாடிக்கு ஏறிவிடும்.
அங்கேதான் ஆரம்பித்தது.

எட்டு நாடு. நாட்டுக்கு ஒற்றையர் இருவர்,
இரட்டையர் ஒரு ஜோடி.
எங்கோ செம்மண் தரையில் நிஜமாக ஆடுகிறவர்களை
அவரவர் பொறுக்கிக்கொள்ளலாம்.
அவன் அங்கே ஜெயித்தால் உனக்கு இங்கே புள்ளி.
நாடுகளைச் சீட்டில் எழுதி
என் டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கினேன்.

ராஜ்ஷாஹி மொஃபிசுலுக்கு ஸ்வீடன்.
"அங்கே பனியாமே" என்று பனியனைப் பிழிந்தார்.
ஐஸ்வால் லால்ரின்புயிக்கு அர்ஜென்டினா.
சித்தூர் முனிரத்தினம் நாயுடு
தனக்கு இந்தியா விழுந்ததைப் பார்த்து
வேறு சீட்டு எடுக்கலாமா என்று கெஞ்சினார்.
மால்டா பிபாஷுக்கு ஆஸ்திரேலியா. அறை 207.
மட்டையைத் தொட்டதில்லை மனுஷன்.
மகளின் பிளேட்லெட்டை மூன்று மாதமாக எண்ணுகிறவர்,
எண்களை அவரிடம் ஏமாற்ற முடியாது.
அவருக்கும் மொஃபிசுலுக்கும் ஒரே பேச்சு,
நடுவில் ஓர் எல்லை, ஓர் ஆறு.
அந்த ஆற்றில் தண்ணீர் ஓடுமாம்.

விதிகளை எழுதி ஜெராக்ஸ் எடுத்தேன்.
அணிப் பட்டியல் இரவு ஒன்பதுக்குள்.
காயம் பட்டவனை வாரத்துக்கு ஒருமுறை மாற்றலாம்.
பட்டியல் தராவிட்டால் எதிரணிக்கு வாக் ஓவர்.
கடைசி விதி,
நானும் கண்டிப்பானவன்தான் என்று காட்ட.

அப்புறம் சண்டைதான் போங்கள்.
நாயுடு தெலுங்கில் திட்டுவார்,
லால்ரின்புயி மிசோவில் சிரிப்பாள்,
"நாற்பது முப்பது" மட்டும்
எந்தப் பாஷையில் சொன்னாலும் எல்லோருக்கும் புரியும்.
காலையில் படியிறங்கும்போது கேட்பார்கள்:
"ரிசல்ட் வந்துவிட்டதா?"
எந்த ரிசல்ட் என்று
விசாரித்துக்கொண்டுதான் வாயைத் திறப்பேன்.

அரையிறுதிக்கு முன்னிரவு
207 சாவி பலகையிலேயே தொங்கியது.
ஒன்பது. ஒன்பதே கால்.
மதியமே மகளை ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்களாம்,
டீக்கடைப் பையன் சொன்னான்.

எதிரணி அர்ஜென்டினா.
லால்ரின்புயி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள்.
பட்டியல் வரவில்லை, ஜெயித்துவிட்டாய் என்றேன்.
சுவரைப் பார்த்தாள்.
"உன் கடிகாரம் ரொம்ப ஃபாஸ்ட்" என்றாள்
அரைகுறை இந்தியில்.
முறைத்தேன். அவளும் முறைத்தாள்.
பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி
பெரிய முள்ளை ஒரு சுற்று பின்னால் தள்ளினேன்.

மொஃபிசுல் என் பேனாவை வாங்கிக்கொண்டார்.
போன வார ஆட்டக்காரர்கள் நால்வரையும்
வங்காள எழுத்தில் நிதானமாக எழுதினார்.
கேப்டன் கையெழுத்து என்ற இடம் வந்ததும்
பேனா நின்றது.
அடுத்தவன் கையெழுத்தைப் போடுவது பாவம் என்றார்.
ஆஸ்திரேலியாவுக்காக, ஸ்வீடன்
என்று எழுதிக் கொடுத்தார்.

விடிகாலை மூன்றுக்கு இரட்டையர் முடிந்தது.
அர்ஜென்டினா தோற்றது, மயிரிழையில்.
லால்ரின்புயி ஒரு வார்த்தை சொன்னாள்.
அது கெட்ட வார்த்தையாகத்தான் இருக்கவேண்டும்.

ஐந்தரைக்குப் பிபாஷ் வந்தார்.
சட்டையெல்லாம் டெட்டால் வாசனை.
கைநீட்டிச் சாவியைக் கேட்டார்.
கொடுத்துவிட்டு, "எவ்வளவு?" என்றேன்.
அதே நேரத்தில் அவரும், "எவ்வளவு?"
"இரண்டுக்கு ஒன்று" என்றேன்.
"பதினெட்டாயிரம்" என்றார்.
"நேற்று பதினொன்றுதான்."

இரண்டு படி ஏறியவர் திரும்பினார்.
இரண்டாவது ஒற்றையர் பையனுக்கு முழங்கால் சரியில்லை,
இறுதிப் போட்டிக்கு ஆளை மாற்றணும்.

ஒன்பதுக்குள், என்றேன்.