பன்னிரண்டாம் எலி

பன்குளத்துக் காட்டுப் பாலைப்பழம்,
பேணி நூற்றைம்பது ரூபா.
எட்டுப் பேணி அளந்து கொட்டினாள் றினோசா.
"இவ்வளவும் ஆருக்கு?"
எலிக்கு என்றேன். சிரித்தாள்.
நான் பகிடி விடவில்லை.

உலர்த்தி, இடித்து, மெதனோலில் மூன்று நாள்.
பிறகு குடுவை அடியில் ஒட்டிக்கிடக்கும்
தேன்நிறப் பிசின்.
பிளவனொயிட்டு, தனின்,
இன்னும் பெயர் வைக்காத ஏதோ ஒன்று.
பெயர் தேடுவது புவிதரன் சேரின் வேலை.
என் வேலை எலி பிடிப்பது.

கடற்பாசியில் எடுத்த மருந்தைப்
பின்னங்கால் பாதத்தில் குத்துவேன்.
ஒரு மணித்தியாலத்தில் பருத்துவிடும்.
அந்தக் காலை நீர்க்குழாயில் அமிழ்த்த
எவ்வளவு நீர் ஏறுகிறதோ
அவ்வளவு வீக்கம்.
அதுக்குக் குத்தினது நான்.
எனக்குக் குத்தினது ஆர்?

ஒருவருமில்லை என்றார்கள் பெரியாஸ்பத்திரியில்.
உன் உடம்பே உன் மூட்டுகளை
அந்நியர் என்று நினைக்கிறது.
எனக்கு உடனே விளங்கிவிட்டது.
பிறந்த ஊரில், பள்ளிக்கூடம் போகும் றோட்டில்
அடையாள அட்டை காட்டி வளர்ந்தவள் நான்.

கிழமைக்கு ஒருக்கா மஞ்சள் குளிசை.
அடுத்த நாள் முழுக்க வாய்க்குள் இரும்பு.
காலையில் விரல் மடங்க எட்டு மணியாகும்.
எட்டரைக்குக் கையுறை.

ஒருநாள் உப்புவெளியில்
மணிக்கட்டு வரை கையைக் கடலுக்குள் வைத்தேன்.
எவ்வளவு ஏறியிருக்கும்?
அளக்க ஆளில்லை.

சாறு குடித்த எலிகளுக்கு வீக்கம் இறங்கியது.
எல்லாவற்றுக்கும் இல்லை.
பன்னிரண்டாவதற்கு வெறும் உப்புநீர்,
ஒப்பிட்டுப் பார்க்க.
அது என்னைப் பார்த்தபடி
வீங்கின காலைத் தூக்கி நக்கிக்கொண்டிருந்தது.
கூட்டை மூடக் கொஞ்சம் பிந்தினேன்.

"மனுசருக்கு எப்ப சேர்?"
"பத்து வருசம். காசு கிடைச்சால்."
குளிசையை நிப்பாட்டிப் போடாதேயும் என்றார்,
நான் கேட்காமலே.

பையில் ஒரு பிடி பழம் மிச்சம்.
பஸ்ஸில் யன்னலோரம் இருந்து
ஒவ்வொன்றாய்த் தின்றேன்.
மருந்தென்று இல்லை. இனிப்பு.
எண்ணெய் பூசாமல் தின்றால்
பாலைப்பழத்தின் பால் உதட்டை ஒட்டிவிடும்.
மறந்துபோனேன்.

சாம்பல்தீவுப் பாலத்தடியில்
கொண்டக்டர் தோளைத் தட்டினான்.
"அக்கா, எங்க இறக்கம்?"

ஒட்டின உதட்டோடு
என் விரல் மொழிகளைப் பார்த்தேன்.
தெரியாது என்று
தலையை மட்டும் ஆட்டினேன்.