எட்டு மில்லிமீற்றர்

மேசன் தவக்குமார் நிலாவெளி ஹோட்டலுக்குப் போய்விட்டான்.
அங்கே நாற்பது பாத்ரூம்.
என்னுடையது ஒன்று,
உப்புவெளியில், வீட்டின் பின்பக்கம்,
கதவுக்கு இன்னும் பிடி போடாதது.

முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து
வியாழன் வருகிறாள் சுகிர்தமலர்.
இன்று ஞாயிறு.

ஏழு வரிசை ஏற்றிவிட்டேன்.
ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்றபோது
வெட்கமில்லாமல் அதற்கு நன்றி சொன்னேன்.
பிறகுதான் கண்ணில் பட்டது
அரைச்சுவரின் விளிம்பு:
டைல்ஸின் வெட்டுவாய்,
மினுக்கத்துக்குக் கீழே செங்கல் நிறத்தில்
பல்லைக் காட்டிக்கொண்டு.
அவள் கையூன்றி எழும்பப்போகும் இடம்.
தடவிப் பார்த்தேன்.
விரல் பதில் சொன்னது, சிவப்பாக.

மத்திய வீதியில் றிஸ்மியின் ஹாட்வெயார்.
"ட்ரிம் எட்டா, பத்தா?"
டைல்ஸ் எட்டு. எட்டு என்றேன்.
"அலுமினியம் வேணாம் சேர்,
உங்கட பக்கத்து உப்புக்காத்துக்குப் பொரிஞ்சு போகும்.
ஸ்டீல் கொண்டு போங்க."
எட்டடி நீளத்தை ஓட்டோவுக்குள் குறுக்கே வைத்து
இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு வந்தேன்.
கடற்கரை வீதியில் ஒரு மான்
ஒதுங்கி நின்று பார்த்தது,
நிறைய மேசன்மாரைக் கண்ட முகத்தோடு.

ட்ரிம்முக்கு ஒரு கால் உண்டு, முழுக்க ஓட்டை.
அதைப் பசைக்குள் புதைத்து
அதன்மேல்தான் டைல்ஸ் உட்காரவேண்டும்.
கடைசியில் ஒட்டுகிற சோடனை இல்லையாம் இது.
முதலில்.
முதலில் வைக்கவேண்டியது.

ஓரத்து ஏழையும் கழற்றினேன்.
நாலு சத்தமில்லாமல் வந்தன.
ஐந்தாவது, சூப்பு உறிஞ்சுவதுபோல ஒரு சத்தத்தோடு.
மற்ற இரண்டும் துண்டு துண்டாய்.

எட்டு என்பது டைல்ஸின் தடிப்பு.
பசையும் இடம் பிடிக்கும் என்று
நான் நினைக்கவே இல்லை.
டைல்ஸ் ட்ரிம்மைத் தாண்டி
நகத்தளவு துருத்தி நின்றது.
திரும்பவும் மத்திய வீதி.
றிஸ்மி பத்தை எடுத்து
மேசையில் ஏற்கெனவே வைத்திருந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் சுட்டது.

மூலைக்கு நாற்பத்தைந்து பாகை.
வலம் சாயவேண்டியது இடம் சாய்ந்தது,
அடுத்தது கட்டை.
பிறகு கரண்ட் போயிற்று.
டோர்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு
கையரத்தால் அராவினேன்,
எச்சில் நாடியில் வழிய.

செவ்வாய் இரவு நீல உறையை உரித்தபோது
ஒரு மெல்லிய கோடு மட்டும் மிஞ்சியது.
அவ்வளவு காலும் ஓட்டையும்
சுவருக்குள்.

வியாழன்.
சுகிர்தமலர் நடைச்சட்டத்தை வாசலில் விட்டாள்.
முப்பது வருடம் சட்டைக்கை மடித்துத் தைத்த விரல்
விளிம்போடு மெதுவாய் ஓடி
மூலையில் நின்றது.
"இதுக்குள்ள ஒரு அரிசி போகும்."
"பச்சையா, சம்பாவா?" என்றேன்.
"குறுணல்" என்றாள். தண்ணீரைத் திறந்தாள்.

இரவு பார்த்தேன்:
ஓர் எறும்பு ஸ்டீல் வழியே வந்து
மூலையில் தயங்கி
உள்ளே போய்
எதையோ பார்த்துவிட்டு வெளியே வந்தது.