மலருக்கு நாலு பக்கம்

நூற்றைம்பதாம் ஆண்டு மலருக்கு
நாலு பக்கம் கேட்டார் சுவாமி.
"சண்டை ஒன்றும் வேண்டாம், யசிந்தா ரீச்சர்"
என்றுவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.
இப்போது இரண்டு பங்குக்கும் ஒரே சுவாமி,
ஒரே மோட்டார் சைக்கிள்.

நான் தாழைத்துறையில் பிறந்து
சங்குமுனையில் வாழ்க்கைப்பட்டவள்.
சண்டையை விட்டால்
எனக்கு வேறு வரலாறு தெரியாது.

நடுவே முழங்காலளவு தண்ணீர்.
வற்றுக்காலத்தில் நண்டு நடந்தே கடக்கும்.
அங்கே செபஸ்தியார், இங்கே யாகப்பர்.
அம்பு தைத்தவருக்கும் குதிரை ஏறியவருக்கும்
மனத்தாங்கல் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒல்லாந்தர் காலத்தில் தொடங்கினேன்.
பூசை வைத்தால் விலங்கு.
கோவாவிலிருந்து வந்த சுவாமியார் ஒருவர்
மீன்கடகம் தலையில் ஏற்றி
இருட்டோடு கரையேறினாராம்.
எங்கள் கிணற்றடியில் ஒளித்திருந்தார், தாழைத்துறை சொல்லும்.
எங்கள் வலைவாடியில், சங்குமுனை சொல்லும்.
எழுத்தில் ஒன்றும் இல்லை.
நான் அவருக்கு இரண்டு இரவு கொடுத்தேன்.
முதல் இரவு எங்கே என்று கேட்பார்களே,
"அடுத்தடுத்து" என்று போட்டேன்.

பிறகு ஞானஸ்நானப் புத்தகம்.
இராமபாணம் அரித்தது போக
நீக்கிலான், வறோணிக்காள், கயித்தான், மதலேனாள்.
சங்குமுனைப் பிள்ளைக்குத்
தாழைத்துறையில் ஞானத்தகப்பன்,
தாளுக்குத் தாள்.
ஓர் ஆவணியில் அது நின்றுபோகிறது.
மை மட்டும் அதே மை.

ஏன் என்று கேட்டுத் திரிந்தேன்.
கொடிமரம் என்றார்கள், கூடு தூக்கும் முறை என்றார்கள்,
ஒரு கலியாணம் என்றார்கள்.
கடைசியில் கணக்குக் கொப்பியில் கிடந்தது.
கிழமைக்கு ஒருநாட் பாடு கோவிலுக்கு:
திருக்கை பதினேழு, பாரை ஆறு, ஓரா ஒரு கூடை.
கீழே மூப்பர் சவிரிமுத்துவின் கை:
"சுறா 1. ஏலத்துக்கு வரவில்லை.
கேட்டதற்கு மறுமொழி இல்லை."

நூற்றுப்பதினெட்டு வருடம்
அந்தச் சுறாவை யார் தின்றது என்றுதான்
இரண்டு கரையும் ஒன்றையொன்று பார்க்கின்றன.

ஒரு சுறாவின் வயிற்றிலிருந்து
ஒரு பங்கு பிறந்தது என்று எழுதினேன்.
யோனாவை நினைத்துச் சிரிப்பு வந்தது. வெட்டினேன்.
"விசுவாசிகளின் தொகை பெருகியதனால்."
சுவாமிக்குப் பிடிக்கும்.

புதிய பங்குக்குப் பிரான்சிலிருந்து மணி வந்தது.
பழைய மணிக்கு ஐந்து நிமிடம் முந்தி அடித்தது.
அடுத்த கிழமை பழையது ஆறு நிமிடம் முந்தியது.
இப்படியே முந்தி முந்தி
அந்த மாரிக்குத் திரிகால மணி
நடுச்சாமத்தில் விடிந்தது.
தொழிலுக்குப் போனவர்கள் கடலில்
விடிவெள்ளி தேடிக் களைத்தார்கள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி.
அதை எழுத எனக்குத் தேதி தேவைப்படவில்லை.
தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம்,
ஒரே மேசை.
செபஸ்தியார் சேலையில் சுற்றி வந்திருந்தார்.
யாகப்பர் குதிரையை விட்டுவிட்டு வந்திருந்தார்,
தூக்க ஆள் போதவில்லை.
மணி இல்லை. தண்டவாளத் துண்டில்
யாரோ ஒருதரம் தட்டினார்கள்.
எல்லாரும் எழும்பினோம்.

அங்கே பிறந்தது திரேசம்மாவின் பொடியன்.
ஞானத்தகப்பன் தாழைத்துறை இஞ்ஞாசி.
அத்தனை வருடங்களுக்குப் பிறகு முதல் ஆள்;
பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர், அவ்வளவுதான்.
கொப்பியில் கிழித்த தாளில் பதிந்தார்கள்.
"பங்கு" என்ற கட்டத்தில் பேனை நின்றிருக்கிறது.
ஒரு புள்ளி. எழுத்தில்லை.

அவனுக்கு மொன்றியலில் கலியாணம்.
"ரீச்சர், ஞானஸ்நானப் பத்திரம் எந்தக் கோவிலில் கேட்கிறது?"
இரண்டு கோவிலும் அவன் எங்கள் பிள்ளை என்கின்றன.
இரண்டு புத்தகத்திலும் அவன் இல்லை.
தாள் என்னிடம் இருக்கிறது.
எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்,
சுறாவைப் போலத்தான்.

நேற்றுச் சுவாமி வந்தார்.
நாலு பக்கமும் சரியா?
ஐந்தாவது ஒன்று இருக்கிறது, சுவாமி,
இந்தத் தாளைப் படம்பிடித்துப் போடவேணும்.
அச்சகத்துப் பொடியன் பிழை என்று நினைத்து
அந்தக் கட்டத்தை நிரப்பாமல்
நீங்கள் பக்கத்தில் நில்லுங்கோ.